வெண்ணெய் வாரத்தின் அடுப்படி



வசந்த விழாச் சமையல் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறேன். மாங்காய், வேப்பம்பூ, புது வெல்லம் என்று எதையாவது எதிர்பார்த்து வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த விழாவின் சமையலில் ஒரு பச்சை இலை கிடையாது. புதிதாகப் பறித்த பழம் ஒன்றுகூடக் கிடையாது. விழா நடக்கும்போது வாசலில் முழங்கால் அளவுக்குப் பனி கிடக்கும். ஆற்றின் மேல் குதிரை வண்டி ஓட்டலாம், அப்படி உறைந்திருக்கும். அந்தக் குளிரில் நின்றுகொண்டு ரஷ்யர்கள் ஒரு வாரம் குளிர்காலத்துக்கு விடைகொடுக்கிறார்கள். மாஸ்லெனித்சா என்பது அந்த விழாவின் பெயர். வெண்ணெய் வாரம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இங்கே இருப்பவர்களில் பலருக்கு ரஷ்யா புத்தகக் கடை வழியாக வந்த நாடு. மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் அடிமாட்டு விலைக்குக் கிடைத்த கெட்டி அட்டைப் புத்தகங்கள் அவை. சமோவார் தெரியும், சறுக்கு வண்டி தெரியும், கம்பளிக் கோட்டுக்குள் சுருண்டு கிடக்கும் நிலப்பிரபு தெரியும். அந்தக் கதைமாந்தர்கள் நாள் முழுக்கத் தேநீர் குடித்தது நமக்கு மனப்பாடம். அவர்கள் பிப்ரவரி மாதத்தில் ஒரு வாரம் மட்டும் ஏன் வெறிபிடித்ததுபோல் ஒரே பலகாரத்தைச் சாப்பிட்டார்கள் என்பதைப் படித்துக் கடந்து போயிருப்போம். அந்தப் பலகாரம் பிளினி.

பிளினி என்பது நொதிக்க வைத்த மாவில் சுடும் மெல்லிய அப்பம். இதைப் பற்றி எந்தச் சுற்றுலாக் கையேட்டைத் திறந்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: பழைய ஸ்லாவிய மக்கள் சூரியனை வணங்கியவர்கள், பிளினி வட்டமாக, பொன்னிறமாக, சூடாக இருப்பது சூரியனின் வடிவம் என்பதால்தான். கேட்க அழகாக இருக்கிறது. எழுத்தாளர் குப்ரின், பாரிஸில் அகதியாக வாழ்ந்த காலத்தில் எழுதிய 'யுங்கர்கள்' நாவலில் இதே உவமையை மனமுருகிச் சொல்கிறார். விட்டு வந்த ஊரின் உணவைப் பற்றி எழுதுகிறவர் சூரியனுக்குக் குறைந்த எதையும் சொல்லமாட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வரலாறாக எடுத்துக்கொண்டால் இந்த விளக்கம் நிற்கவில்லை என்பது என் கருத்து. இது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்களின் கைவேலை. அஃபனாசியெவ் 1865 முதல் 1869 வரை மூன்று பெரிய தொகுதிகளில் ஸ்லாவியர்களின் இயற்கை நோக்கு பற்றி எழுதினார். அவரும் அவர் காலத்தவர்களும் எந்தக் கதையைத் தொட்டாலும் அதற்குள் சூரியனையும் இடியையும் கண்டார்கள். குழைந்த மாவைத் தட்டையான சட்டியில் ஊற்றினால் அது வட்டமாகத்தான் விரியும். அதற்குத் தெய்வம் தேவையில்லை. சைபீரியாவின் பல ஊர்களில் இந்த வாரத்துக்கு உரிய பலகாரம் ஹ்வோரஸ்த். மாவை நீளமாகக் கீறி, முறுக்கி, கொழுப்பில் மொறுமொறுவென்று பொரிப்பது. அதில் எந்தச் சூரியனைப் பார்ப்பது?

அப்படியானால் இந்த விழாவில் பழைய மதம் எங்கேதான் இருக்கிறது? அதை வானத்தில் தேடுவதைவிட மாட்டுக் கொட்டிலிலும் கல்லறையிலும் தேடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

முதலில் கொட்டில். கியேவ் இளவரசர் விளாதிமிர் 988-இல் கிறிஸ்தவத்தை ஏற்று, பெரூன் தெய்வத்தின் சிலையை இழுத்துச் சென்று த்னீப்பர் ஆற்றில் தள்ளச் செய்தார் என்பது பழைய ருஷ்ய நாளாகமம் சொல்லும் செய்தி. அதே நாளாகமத்தில், அதற்கு முன் 907-இல் பைசாந்திய அரசுடன் உடன்படிக்கை செய்தபோது ருஷ்ய வீரர்கள் பெரூன் மீதும், கால்நடைகளின் தெய்வமான வோலோஸ் மீதும் சத்தியம் செய்தார்கள் என்று வருகிறது. மதம் மாறிய பின் மாடுகளைக் காக்க வேறு ஒருவர் வேண்டும் அல்லவா? புனித விளாசி வந்தார். அவருடைய திருநாள் இன்றைய நாட்காட்டியில் பிப்ரவரி 24, ஏறத்தாழ வெண்ணெய் வாரத்தை ஒட்டி. மாடுகள் கன்று ஈனும் பருவமும் அதுதான். குளிர்காலம் முழுக்கப் பால் வற்றிக் கிடந்த வீட்டில் சீம்பால் வாசனை திரும்ப வருகிறது. வயலில் எதுவும் முளைக்காத நாட்டில் வசந்தத்தின் முதல் விளைச்சல் பால்தான். பனிக்கு நடுவே வசந்த விழா கொண்டாடுவது எனக்கு விசித்திரமாகத் தோன்றாமல் போனது இதைப் புரிந்துகொண்ட பிறகுதான். இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1492 வரை ரஷ்யர்களின் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் பிறந்தது. குளிர்காலத்தின் முடிவும் ஆண்டின் முடிவும் அவர்களுக்கு ஒன்றாகவே வந்தன.

இதன்மேல் திருச்சபை தன் கணக்கை வைத்தது. ஆர்த்தடாக்ஸ் மரபில் ஈஸ்டருக்கு முன்னால் ஏழு வாரம் தவக்காலம். இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கூடாது. அதற்கு முந்தைய வாரத்தில் இறைச்சி மட்டும் நின்றுவிடும். பாலும் முட்டையும் மீனும் ஆகும். அந்த வாரம்தான் மாஸ்லெனித்சா. ஈஸ்டர் நகர நகர இதுவும் நகரும்: 2024-இல் மார்ச் 11 முதல் 17 வரை, 2026-இல் பிப்ரவரி 16 முதல் 22 வரை. வீட்டுப் பெண்ணின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். பால் பெருகத் தொடங்கியிருக்கிறது. கோழி முட்டையிடத் தொடங்கியிருக்கிறது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஏழு வாரத்துக்கு இரண்டையும் தொடக்கூடாது. கையில் இருப்பது ஏழு நாள். மாவு, பால், முட்டை, வெண்ணெய் நான்கையும் ஒரே நேரத்தில், மலைமலையாகச் செலவழிக்கக்கூடிய பலகாரம் எது? இங்கிலாந்துக்காரர்களும் இதே நெருக்கடியில், தங்கள் தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அப்பம்தான் சுட்டார்கள்.

இனி அடுப்படிக்குள் போவோம். இன்று மாஸ்கோ உணவகங்களில் கிடைக்கும் கோதுமை மாவு பிளினியைப் பார்த்து ஏமாறவேண்டாம். சமையல் வரலாற்றாசிரியர் வில்லியம் பஹ்லோப்கின் இதில் விட்டுக்கொடுக்காதவர். பக்வீட் மாவில் செய்வதுதான் உண்மையான ரஷ்ய பிளினி என்று பிடிவாதமாக எழுதினார். பக்வீட் என்பதை வடநாட்டில் குட்டு மாவு என்று நவராத்திரி விரதத்துக்கு விற்கிறார்கள். அங்கே அது விரதச் சாப்பாடு, ரஷ்யாவில் விரதத்துக்கு முந்தைய விருந்து. மட்டமான மண்ணிலும் குறுகிய கோடையிலும் விளைந்துவிடும் பயிர், அதனால் ஏழைக் குடியானவனுக்கும் எட்டியது. அதில் பசைத்தன்மை கிடையாது. வெறும் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் உதிர்ந்து போகும். நொதிக்க வைத்தால்தான் ஒன்றாகப் பிடிக்கும், கூடவே சல்லடைபோல் துளைவிடும். துளை முக்கியம்; வெண்ணெய் இறங்க வழி வேண்டுமே.

முதல் நாள் இரவே மாவில் ஒரு பாதியை இளஞ்சூடான பாலிலோ நீரிலோ கரைத்து, ஈஸ்ட் சேர்த்து, அடுப்புக்குப் பக்கத்தில் துணி மூடி வைப்பார்கள். ஒபாரா என்பது இந்த முதல் கரைசல். அதைச் சுற்றித்தான் ரகசியங்கள். அந்தி சாய்ந்து நட்சத்திரம் தெரிந்த பின், வீட்டில் யாருக்கும் தெரியாமல் கிணற்றடிக்கோ ஆற்றங்கரைக்கோ போய், நிலாவைக் கூப்பிட்டு, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து மாவை ஊதிவிடச் சொல்லி வேண்டிக்கொண்டு கரைப்பார்கள் என்று 19-ஆம் நூற்றாண்டுத் தொகுப்பாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சிலர் பனியை அள்ளி உருக்கி அந்தத் தண்ணீரில் கரைத்தார்கள். தொகுப்பாளர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் மாவு பொங்குமா பொங்காதா என்ற பயம் கூட்டிச் சொன்னதாக இருக்காது. அடுத்த நாள் மீதி மாவு, முட்டை மஞ்சள்கரு, உருக்கிய வெண்ணெய், உப்பு சேர்த்து அடித்து இரண்டாம் முறை பொங்க விடுவார்கள். கொதிக்கும் பாலை விட்டு மாவை வேகவைத்துக் கரைக்கும் முறையும் உண்டு. கடைசியாக வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து மேலாகக் கலப்பார்கள். அதற்குப் பிறகு மாவைக் கலக்கக்கூடாது. கலக்கினால் உள்ளே இருக்கும் காற்று போய்விடும். ஓரமாகக் கரண்டியை இறக்கி மொண்டு ஊற்ற வேண்டும்.

சட்டி சிறிய வார்ப்பிரும்புச் சட்டி. மோர்க்கிண்ணத் தட்டு அளவுதான். எண்ணெய் தடவுவதற்குப் பாதியாக வெட்டிய வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி வைத்திருப்பார்கள். நம் வீட்டுத் தோசைக்கல் பக்கத்தில் இருப்பதே, அதே வெங்காயம்தான். முதல் அப்பம் ஒட்டிக்கொண்டு கட்டியாக வரும் என்பது அங்கே பழமொழியாகவே ஆகிவிட்டது. இன்னொரு வகை உண்டு. சட்டியில் முதலில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தையோ, அவித்த முட்டையையோ, பீப்பஸ் ஏரிப் பக்கம் பிடித்துக் காயவைத்த பொடி மீனையோ தூவி அதன்மேல் மாவை ஊற்றுவார்கள். பிரிப்யோக் என்பார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். கேவியர் வாங்க முடியாத வீடுகளின் கெட்டிக்காரத்தனம் அதில் இருக்கிறது.

சுட்டதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இடையில் வெண்ணெய் தடவுவார்கள். உருக்கித் தெளியவைத்த வெண்ணெய், அதாவது நெய்யேதான். வெண்ணெய் என்றால் வோலக்டா என்ற ஊர்ப் பெயரை ரஷ்யர்கள் சொல்வார்கள். 1870-களில் அந்தப் பகுதியில் பாலாடையைச் சூடுபடுத்தி, கொட்டை வாசனை வரும் ஒரு வெண்ணெயை உருவாக்கியவர் நிகொலாய் வெரெஷ்சாகின். தாஜ்மகாலை வரைந்த ஓவியர் வாசிலி வெரெஷ்சாகினின் அண்ணன். தம்பி இந்தியாவெங்கும் சுற்றிப் படம் வரைந்துகொண்டிருந்த காலத்தில் அண்ணன் குடியானவர்களைச் சேர்த்துப் பால்பண்ணைக் கூட்டுறவு நடத்திக்கொண்டிருந்தார். தம்பிக்குத்தான் உலகப் புகழ். ரஷ்யச் சமையலறைகளில் அண்ணன் இன்னும் இருக்கிறார்.

வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர், ஒரு வேலை என்று இன்று பட்டியல் போடுவார்கள். ஊருக்கு ஊர் அது வேறுபட்டிருக்கிறது. மாமியார் விவகாரம் மட்டும் எல்லாப் பட்டியலிலும் உண்டு. ஒரு நாள் மாமியார் மருமகனை அழைத்து பிளினி போடுவார். இன்னொரு நாள் மருமகன் வீட்டில் மாமியார் விருந்து. இந்த இரண்டாவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முந்தின மாலையே மாமியார் வீட்டிலிருந்து சட்டி, கரண்டி, முக்காலி, மாவு கரைக்கும் தொட்டி எல்லாம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மாமனார் ஒரு மூட்டை பக்வீட் மாவும் வெண்ணெயும் அனுப்ப வேண்டும். அழைப்பவர் மருமகன், செலவு மாமனாருக்கு! மருமகன் அழைக்காமல் விட்டால்தான் அவமானமாம். புது மணமக்களுக்கு இந்த வாரத்தில் தனி மரியாதை இருந்தது. தவக்காலத்தில் கல்யாணம் நடக்காது என்பதால் குளிர்காலக் கல்யாணங்கள் எல்லாம் இதற்குள் முடிந்திருக்கும்.

கல்லறையைச் சொல்கிறேன் என்றேன். வாரத்தின் முதல் பிளினி வீட்டில் யார் வாய்க்கும் போகாது. கூரை மேல் இருக்கும் சிறு ஜன்னலில், இறந்த பெற்றோரின் ஆன்மாவுக்கு என்று வைத்துவிடுவார்கள். அல்லது பிச்சைக்காரருக்குக் கொடுத்து, இறந்தவர்களை நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். வாரத்தின் கடைசி நாள் ஞாயிறு, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் நாள். அன்று பிளினியை எடுத்துக்கொண்டு கல்லறைக்கும் போய் இறந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்பார்கள். ரஷ்யாவில் சாவு வீட்டு விருந்திலும் பிளினிக்கு இடம் உண்டு என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள். விளாதிமிர் ப்ரோப் என்றால் தேவதைக் கதைகளின் அமைப்பை ஆராய்ந்தவர் என்று நமக்குத் தெரியும். அவர் 1963-இல் ரஷ்ய வேளாண் விழாக்கள் பற்றி ஒரு சிறிய, மிக நல்ல நூல் எழுதினார். பிளினியைச் சூரியனோடு சேர்க்காமல் இறந்தோர் வழிபாட்டோடு சேர்த்தார். மண்ணுக்குள் போனவர்கள் மண்ணுக்குள் இருக்கும் விதையைக் கவனித்துக்கொள்வார்கள் என்று நம்பிய உழவர், விதைப்புக் காலம் நெருங்கும்போது அவர்களுக்குச் சாப்பாடு போடுவது இயல்புதானே. வைக்கோலில் பெண் உருவம் செய்து, பழைய உடுப்பு மாட்டி, ஞாயிற்றுக்கிழமை ஊர் எல்லையில் எரிப்பதையும் அவர் அப்படித்தான் படித்தார். கேலியும் சிரிப்புமாக நடக்கும் சவ ஊர்வலம் அது. சாம்பலை வயலில் தூவிவிடுவார்கள்.

இவ்வளவு கனமான விஷயத்தை வயிற்றின் பக்கத்திலிருந்து பார்த்தவர் செகாவ். 1886-ஆம் ஆண்டில் மட்டும் மாஸ்லெனித்சாவை வைத்துப் பல சின்னத் துண்டுகள் எழுதியிருக்கிறார். ஒன்றில், பத்திக்கின் என்ற அரசு அதிகாரி மேசை முன் உட்கார்ந்து பிளினி வரவில்லையே என்று துடிக்கிறார். வருகிறது. சுடச்சுட எடுத்து வெண்ணெய் ஊற்றி, கேவியர் தடவி, காலியிடத்தில் புளித்த பாலாடை விட்டு, மேலே மீன் வகைகளை அடுக்கி, சுருட்டி, ஒரு வோட்கா ஊற்றிக்கொண்டு, வாயைத் திறக்கிறார். அந்த நொடியில் பக்கவாதம் தாக்குகிறது. கதை அவ்வளவுதான். இன்னொன்றில், ஒரு பிரெஞ்சு சர்க்கஸ் கோமாளி மாஸ்கோவின் தெஸ்தோவ் உணவகத்தில் லேசாகச் சூப் குடிக்க வருகிறான். பக்கத்து மேசைக்காரர் அடுக்கடுக்காக பிளினியை உள்ளே தள்ளுவதைப் பார்த்து, ஆள் தற்கொலை செய்துகொள்ளத்தான் வந்திருக்கிறார் என்று முடிவுகட்டித் தடுக்கப் பார்க்கிறான். சுற்றும் முற்றும் பார்த்தால் எல்லா மேசையிலும் அப்படித்தான். கோமாளி மட்டும்தான் அந்த அறையில் பயந்த ஆள். செகாவ் ஒரு டாக்டர் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த வாரத்தில் அவருக்கு நோயாளிகளுக்குக் குறைவிருந்திருக்காது என்பது என் ஊகம்.

ஞாயிறு இரவு மிச்சத்தைத் தீயில் போடுவார்கள். திங்கட்கிழமை குழந்தை பால் கேட்டால், பால் எரிந்துபோய்விட்டது என்று சொல்லிச் சமாளிப்பார்கள். பாத்திரங்களில் ஒட்டிய கொழுப்பெல்லாம் போகத் தேய்த்துக் கழுவுவார்கள். ஆண்கள் பல்லிடுக்கில் ஒட்டியிருக்கும் பாலாடைக்கட்டியைக் கழுவ வேண்டும் என்று காரணம் சொல்லி வோட்கா கொப்பளித்தார்கள். கொப்பளித்ததைத் துப்பியதாகத் தகவல் இல்லை.

சோவியத் ஆட்சி இந்த விழாவை முதலில் சந்தேகமாகப் பார்த்தது. பிறகு 1950-களின் இறுதியிலும் 60-களிலும் தவக்காலத்தையும் கல்லறையையும் கழற்றிவிட்டு, 'ரஷ்யக் குளிர்காலத்துக்குப் பிரியாவிடை' என்ற பெயரில் பூங்காக்களில் நடத்தியது. அப்போதும் பிளினி இருந்தது. இப்போது கலைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2018-இல் கலூகா மாவட்டத்தின் நிகோலா-லெனிவெத்ஸ் கிராமத்தில் நிகொலாய் பலீஸ்கி குச்சிகளால் சுமார் 30 மீட்டர் உயரத்தில் கோத்திக் பாணிக் கோபுரம் கட்டி எரித்தார். பார்த்தவர்கள் தேவாலயத்தை எரித்ததாக நினைத்துக் கொதித்தார்கள். அது தனிக் கதை.

என்னைக் கேட்டால் இந்தப் பருவத்தின் மிக நல்ல பலகாரம் பிளினிகூட அல்ல. அதற்குப் பிறகு, தவக்காலத்துக்குள், மார்ச் 22 அன்று வருவது. திருச்சபைக்கு நாற்பது மறைசாட்சிகளின் நாள். உழவருக்குப் பகலும் இரவும் சமமாகும் நாள், வானம்பாடி திரும்பி வரும் நாள். பாலும் இல்லை, முட்டையும் இல்லை. மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் தேன், தாவர எண்ணெய், அவ்வளவே. மாவைக் கயிறாக உருட்டி ஒரு முடிச்சுப் போட வேண்டும். மேலே நிற்கும் நுனியைக் கிள்ளினால் அலகு. உலர்திராட்சையோ தானியமணியோ அழுத்தினால் கண். கீழே தொங்கும் நுனியைத் தட்டி, கத்தியால் நாலு கீறு கீறினால் வால். சுட்ட பறவைகளைக் குழந்தைகள் கொட்டில் கூரைமேல் ஏற்றி, குச்சியில் குத்தித் தூக்கிப் பிடித்து, வானம்பாடிகளே வாருங்கள், குளிரைக் கொண்டுபோங்கள், இருந்ததையெல்லாம் அது தின்று தீர்த்துவிட்டது என்கிற பொருளில் பாடுவார்கள். உடம்பைத் தின்றுவிட்டுத் தலையை மாட்டுக்கோ தாய்க்கோ கொடுப்பார்கள். சில ஊர்களில் ஒரு பறவைக்குள் மட்டும் காசு ஒன்றை ஒளித்து வைத்துச் சுடுவார்கள். வீட்டில் யார் பல்லில் அந்தக் காசு படுகிறதோ, அந்த ஆண்டு முதல் கைப்பிடி விதையை அவர்தான் தூவ வேண்டும்.

செய்முறையை எழுதித் தரச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வெளியே மேசையில் தாள் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒபாரா இரவு முழுக்கத் தேவையில்லை. ஒன்றரை மணி நேரத்தில் பொங்கி வழிந்துவிடும், பாத்திரத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.